தண்ணி லாரிக்குக் குறுக்கே

சலவைக்கடை அக்காவைப் போராட்டத்தில் இறக்கிவிட்டது ஒரு வெள்ளைச் சட்டை.

ஊருக்கு மேற்கே தரிசாகக் கிடந்த மேட்டில் எரிவாயு இருக்கிறது என்று ஒரு கம்பெனி கண்டுபிடித்திருந்தது. இருப்பது எங்கேயோ ஆழத்தில், பாறைக்குள், எள்ளுக்குள் எண்ணெய் மாதிரி. செங்குத்தாகக் குழாயை இறக்கி, அடியில் படுக்கையாகத் திருப்பி, தண்ணீரும் மணலும் ஏதேதோ மருந்துகளும் கலந்து பெரிய அழுத்தத்தில் அடித்தால் பாறை விரிசல் விடும், வாயு மேலே வரும். இதை ஊராருக்கு எடுத்துச் சொல்ல நகராட்சிக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சொல்ல வந்தவன் மீசை சரியாக முளைக்காத ஓர் இளைஞன். "விளக்கமாச் சொல்றேன்" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஆரம்பித்ததால், கூட்டம் முடிவதற்குள்ளேயே ஊர் அவனுக்கு 'விளக்கம்' என்று பெயர் வைத்துவிட்டது.

"தண்ணியெல்லாம் ஆத்துல இருந்துதான் எடுப்போம். இந்த முறைக்குப் பேரு ஃபிராக்கிங்," என்றான் விளக்கம்.

பின்வரிசையில் காது மந்தமான மரக்கடைக்காரர் பக்கத்து நாற்காலியைத் தொட்டார். "ஃபிராக்கா? சின்னப் பிள்ளைங்க போடறதா?"

"ஆமா. அதைத் தண்ணியில நனைச்சுப் பாறையில அடிக்கப் போறாங்களாம்."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கம்பெனி? நம்ம சலவைக்கடை அக்கா பண்ணமாட்டாளா?"

மேடையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் மேலே மண், நடுவே களிமண், கீழே சரளைக்கல் என்று அடுக்கடுக்காக நிரப்பியிருந்தார்கள். கீழ் அடுக்குக்கு நீலச் சாயத் தண்ணீரை அனுப்ப ஒரு கைப்பம்பு. "நல்லாப் பாருங்க, ஒரு சொட்டு மேல வராது," என்று சொல்லி விளக்கம் பம்பை அழுத்தினான். அவன் சொன்னது உண்மை. ஒரு சொட்டுகூட மேலே வரவில்லை. தொட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பசை பிய்த்துக்கொண்டு, எல்லாம் பக்கவாட்டில் வந்தது. முன்வரிசை முழுக்க நீலம். நகராட்சித் தலைவர், வங்கி மேலாளர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், எல்லாருக்கும் மேல் விளக்கத்தின் வெள்ளைச் சட்டை.

"தொட்டியிலதான் ஓட்டை. திட்டத்துல ஓட்டை இல்ல," என்று அவன் ஒலிபெருக்கியில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை அத்தனை துணியும் அக்கா கடைக்கு வந்துசேர்ந்தது. கடை என்றால் சின்ன அறைதான். சுவரோரம் இரண்டு சலவை இயந்திரங்கள். அதில் ஒன்று பிழியும்போது கோபித்துக்கொண்டு ஒரு முழம் நகர்ந்துவிடும், காலால் தள்ளி உள்ளே வைக்க வேண்டும். நடுவில் இஸ்திரி மேஜை. பின்கட்டில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் மலை மாதிரி. வாசல் பலகையில் 'போகாத கறை இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்த வரியை அக்காவே சொல்லி எழுதவைத்திருந்தாள்.

அடர் நிறத் துணிகளில் நீலம் தெரியாமல் சமாளித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டைதான் காலை வாரியது. எலுமிச்சை, சோடா, வெந்நீர் என்று அக்கா தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். கடைசியில் பூட்டி வைத்திருந்த வீரியமான மருந்தை எடுத்துத் தடவினாள். கறை அப்படியே இருந்தது. சட்டைப் பை போய்விட்டது.

சட்டையை வாங்க வந்த விளக்கம், பை இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தான்.

"தம்பி, இதுல என்னத்தைக் கலந்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"சும்மா சாயம்தான்க்கா."

"சாயம்னா இந்நேரம் ஓடியிருக்கும். பேரைச் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி வேற ஏதாவது பண்றேன்."

"எனக்கே தெரியாதுக்கா. பாட்டில்ல ஊத்தி அனுப்பினாங்க."

"சரி, பூமிக்கடியில நிஜமா அடிக்கப்போற தண்ணியில என்ன கலப்பீங்க?"

"அது கம்பெனி ரகசியம்."

அக்கா சட்டையை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அன்று மாலையே பூகோள வாத்தியார் வீட்டில் கூடிய எதிர்ப்புக் குழுவில் போய் உட்கார்ந்தாள். நிலத்தடி நீர், நில அதிர்வு என்று வாத்தியார் படம் போட்டு விளக்கியபோது அவளுக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் கோஷம் போட ஆள் வேண்டும் என்றபோது எழுந்து நின்றாள். இரண்டு இயந்திரமும் கடகடக்கும்போது தெருவில் நிற்பவரோடு பேசிப் பழகிய தொண்டை அது. முதல் கோஷத்திலேயே வாத்தியார் வீட்டுப் பூனை பரணில் ஏறிக்கொண்டது.

அக்காவின் புருஷன் ஒரு பழைய தண்ணி லாரி வைத்திருந்தார். ஊரில் அவருக்கு 'டேங்கர்' என்றே பெயர். கட்டட வேலைகள் நின்றுபோனதிலிருந்து லாரியும் நின்றுபோயிருந்தது. தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பிறகு இறங்கி, கடைக்குள் வந்து இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். துளை போடும் இடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக லாரிகள் வேண்டும் என்று ஓர் ஒப்பந்தக்காரர் ஆள் தேடியபோது, டேங்கர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

அக்காவுக்கு அது கடைக்குப் பக்கத்தில் விடுதி நடத்துகிறவர் சொல்லித்தான் தெரிந்தது.

"நான் வேண்டாம்னு ஊரைக் கூட்டிக் கத்திட்டு இருக்கேன். நீங்க அவங்களுக்கே தண்ணி சுமக்கப் போறீங்களா?"

"நீ கத்துறதுக்கு நான் குறுக்க நின்னேனா? நான் ஓட்டுறதுக்கு நீ எதுக்குக் குறுக்க நிக்கிற?"

"என் மானம் போகுதுங்க."

"எனக்குப் புத்தியே போகுது. நாள் பூரா உன் மெஷின் சுத்துறதையே பாத்துப் பாத்து, ராத்திரி படுத்தா கட்டிலும் சுத்துது."

அதோடு பேச்சு நின்றது. மறுநாளே டேங்கர், மேட்டில் வெட்டியிருந்த தொட்டிகளை நிரப்ப லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டுக்குள் செய்தித் தொடர்பு முழுக்கக் கல்லூரியில் படிக்கும் மகள் தலையில் விழுந்தது. மூன்று பேரும் ஒரே சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"சாப்பாடு மூடி வச்சிருக்குன்னு அப்பாகிட்ட சொல்லு."

"அப்பா, மூடி வச்சிருக்காம்."

"எனக்குப் பசிக்கலனு சொல்லு."

"பசிக்கலையாம்."

"பசிக்கலனா தட்டு எதுக்கு எடுத்தாருன்னு கேளு."

மகள் புத்தகத்தை மூடினாள். "எனக்குப் பரீட்சை இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வேற ஆளைப் பாத்துக்கங்க."

இந்தக் கூத்துக்கு நடுவே கடையில் இன்னொரு தலைவலி. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. இயந்திரம் நிரம்புவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். பக்கத்து விடுதிக்காரர் புதிதாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அவர் விடுதியில்தான் கம்பெனி ஆட்கள் தங்கியிருந்தார்கள், அதனால் அவர் திட்டத்துக்கு ஆதரவு. அது போதாதா? அவர் வாசலில் போய் நின்று வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் மோட்டார் அறையைத் திறந்து காட்டி, பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். சத்தியத்தை நம்புகிற மனநிலையில் அக்கா இல்லை.

துளை போடும் வேலை தொடங்கப்போகிறது, லாரிகள் வரிசையாக மேட்டுக்குப் போகின்றன என்று தெரிந்ததும், எதிர்ப்புக் குழு சாலை மறியல் என்று தீர்மானித்தது. பாலத்தருகே சாலை குறுகும் இடத்தை வாத்தியார் தேர்ந்தெடுத்தார். காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்பதுவரை கரும்பலகையில் அம்பு போட்டுக் காட்டினார். காற்றுக்கும் மறியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

அக்காவுக்குக் கடையை மூட முடியாத நிலைமை. மருத்துவமனை விரிப்புகளைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஆகவே உலர்ந்த விரிப்புகளையும் மடிக்கும் மேஜையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, சாலைக்கு நட்டநடுவே மேஜையைப் போட்டு, கோஷத்துக்கும் கோஷத்துக்கும் நடுவே ஒவ்வொரு விரிப்பாக உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மறியலுக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் முனையைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் திட்டத்தை ஆதரிப்பவர்கள் 'வேலை வேண்டும்' என்று அட்டை பிடித்து நின்றார்கள். விடுதிக்காரரும் அதில் இருந்தார். நடுவில் ஓர் இன்ஸ்பெக்டர் அம்மாள், குடையோடு.

லாரிகள் வந்தன. டேங்கர் வரிசையில் கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே மேஜையைப் பார்த்துவிட்ட மற்ற ஓட்டுநர்கள் வண்டியை ஓரங்கட்டி, "அது உங்க வீட்டம்மாதானே, நீயே முன்னாடி போய்ப் பேசு" என்று அவருக்கு வழிவிட்டுவிட்டார்கள். எல்லா விஷயத்திலும் முந்திக்கொண்டு போகிறவர்கள், இதில் மட்டும் அவ்வளவு மரியாதை காட்டினார்கள்.

டேங்கர் மேஜைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, லேசாக ஹாரன் அடித்தார். அக்கா நிமிரவில்லை. இன்னொரு விரிப்பை எடுத்து உதறினாள்.

டேங்கர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "மேடம், கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "ஒதுங்கச் சொல்றாரு."

"நான் மாசக்கணக்கா ஒதுங்கித்தான் இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"ஒதுங்கித்தான் இருக்காங்களாம்," என்று சொன்ன பிறகுதான், தான் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று இன்ஸ்பெக்டருக்கு உறைத்தது. "நீங்க ரெண்டு பேரும் யாரு?"

"புருஷன் பொண்டாட்டி," என்றது கூட்டம், இரண்டு பக்கத்திலிருந்தும்.

"சோறு போடற வேலையைத் தடுக்கிறது நியாயமானு கேளுங்க மேடம்."

"சோறு யாரு போட்டாங்கன்னு அவரையே யோசிச்சுப் பாக்கச் சொல்லுங்க. மெஷினுக்குப் பின்னாடி குழாய் ஒழுகுது, மாத்துங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்னும் கேளுங்க. ஊர்ல இருக்கிற பாறைக்கெல்லாம் தண்ணி கொண்டுபோறாரு, வீட்டு ஒழுகலை நிறுத்த நேரமில்ல."

"அந்தக் குழாயை நான் மாத்தினேன். அவங்க கவனிக்கல."

"துணி சுத்தி வச்சிருந்தாரு. அதுவும் வாடிக்கைக்காரர் துண்டு."

இந்த இடத்தில் கூட்டத்துக்குள் ஒரு மாற்றம் நடந்தது. பாறையைப் பற்றிய பேச்சு யார் நினைவிலும் இல்லை. கொள்கைச் சண்டை குடும்பச் சண்டையானதும் அணிகளும் மாறிக்கொண்டன. கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி வந்த விளக்கம், "அக்கா சொல்றதுல நியாயம் இருக்கு, ஒழுகலை உடனே கவனிச்சிருக்கணும்" என்றான். அவன் சொன்னதால் ஒழுகல் விஷயத்துக்குத் தனி எடை வந்தது. பூகோள வாத்தியார் தொண்டையைக் கனைத்து, "ஆம்பளைக்கு வேலை இல்லாம வீட்டுல உக்காந்திருக்கிற கஷ்டம் உங்களுக்கெல்லாம் தெரியாது" என்றார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவர் மனதில் இருந்த விஷயம் அது. எதிர்ப்புக் குழுத் தலைவர் லாரிப் பக்கம் பேசிவிட்டதைக் குழுவில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. பெண்கள் எல்லோரும் அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு மேஜைப் பக்கம் வந்திருந்தார்கள்.

வாத்தியார் பேசியபடியே லாரி வரிசையைக் கையால் காட்டினார். காட்டிய கை பாதியில் நின்றது. வாழ்நாள் முழுக்கத் திசை சொல்லிக்கொடுத்தவர். வடக்கே பார்த்தார், பிறகு லாரிகள் வந்த பக்கம் பார்த்தார்.

"ஆறு வடக்க இருக்கு," என்றார். "இதெல்லாம் கிழக்க இருந்து வருது. கிழக்க ஊருதானே இருக்கு?"

அக்கா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். "எங்க நிரப்பினாருன்னு கேளுங்க மேடம்."

யாராவது கேட்டால் ஆறு என்று சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தக்காரர் எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்லியிருந்த பாடம். பின்னால் ஒரு லாரியிலிருந்து "ஆறுனு சொல்லுப்பா" என்று அடங்கிய குரல் வந்தது. டேங்கர் கண்ணாடியில் பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தார். அந்த ஓட்டுநர்களும் இத்தனை காலம் அவரைப் போலவே வண்டியில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர்கள்தான். பிறகு முன்னால் பார்த்தார். பொய் சொன்னால் காது மடல் சிவக்கும் என்று அவருக்கு ஒரு குறை உண்டு. அது தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்று காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சந்தைக்குப் பின்னாடி," என்றார். "பழைய பம்ப் ஹவுஸ்ல."

சந்தைக்குப் பின்னால் இருக்கும் பம்ப் ஹவுஸிலிருந்துதான் சலவைக்கடைத் தெருவுக்குக் குழாய் வருகிறது. அதைச் சிலர் மெல்லப் புரிந்துகொண்டார்கள். அக்கா உடனே புரிந்துகொண்டாள். அவள் கையிலிருந்து விரிப்பு நழுவியது. இன்ஸ்பெக்டரைத் தாண்டி, நேராக லாரிக் கதவருகே வந்தாள்.

"நீதானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் புருஷனுக்கு 'நீ' வந்ததில்லை. டேங்கர் கதவைத் திறந்து இறங்கினார். 'நீ' என்று கேட்டபிறகு உயரத்தில் உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. அது உபரித் தண்ணி, யாருக்கும் போகாத தண்ணின்னு சொன்னான். நம்ம தெருக் குழாய்னு நான் நினைக்கவே இல்ல."

"சொட்டுச் சொட்டா வருதுன்னு தினமும் புலம்பினேனே."

"என்கிட்ட எங்க புலம்பின? பிள்ளைகிட்ட இல்ல புலம்பின."

எதிர்ப்பக்கத்திலிருந்து விடுதிக்காரர் 'வேலை வேண்டும்' அட்டையோடு முன்னால் வந்தார். "அக்கா, நான் அன்னைக்கே சத்தியம் பண்ணினேன்ல? இப்பவாவது நம்புறீங்களா?"

"நீங்க கொஞ்சம் இருங்க. உங்ககிட்ட அப்புறம் வரேன்," என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். விளக்கத்தைப் பார்த்தார். "கூட்டத்துல ஆத்துத் தண்ணினு சொன்னது நீங்கதானே?"

"எங்களுக்கும் ஆறுன்னுதான் சொன்னாங்க மேடம்." அவன் முகம் வெளிறியிருந்தது. ஆற்றுக்குப் போய்வரும் தூரத்தை மிச்சப்படுத்த ஒப்பந்தக்காரர் செய்த குறுக்குவழி அவனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. போனில் அழைத்துப் பார்த்தான். ஒப்பந்தக்காரர் எடுக்கவில்லை, மறுபடி அழைத்தபோது போனே அணைந்திருந்தது.

"பாறையை உடைக்கிறது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது," என்றார் இன்ஸ்பெக்டர். "குடிதண்ணியைத் திருடினா அது என் வேலை. எல்லா வண்டியும் திரும்பட்டும்."

சொல்வது சுலபம். குறுகிய சாலையில் அத்தனை லாரியும் திரும்புவதற்குள் புழுதி கிளம்பி ஆளை ஆள் தெரியவில்லை. வாத்தியார் அம்பு போட்டுக் காட்டிய காற்று, அவர் சொன்ன திசையிலேயே அடித்தது. புழுதி அடங்கியபோது, மருத்துவமனை விரிப்பு மொத்தமும் செங்கல் நிறத்தில் இருந்தது.

அக்கா மேஜையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மடித்த விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டியில் எடுத்துப் போட்டாள். "வண்டியில எவ்வளவு தண்ணி இருக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"முழுசா இருக்கு."

"கடைக்கு எடுத்துட்டு வாங்க."

'நீங்க' திரும்பி வந்துவிட்டதை டேங்கர் கவனித்தார். உடனே வண்டியில் ஏறினார்.

லாரியைக் கடை வாசலில் நிறுத்தி, குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, இயந்திரத்தை நிரப்பினார்கள். நிரம்பும்போது பின்னால் ஒழுகியது. டேங்கர் சட்டையைக் கழற்றிவிட்டு இயந்திரத்துக்குப் பின்னால் புகுந்தார். தெருவில் செய்தி பரவி, ஆட்கள் பக்கெட்டோடு வந்து நின்றார்கள். "எங்க தண்ணியைத்தானே கேக்கறோம்" என்று அவர்கள் சொன்னதில் தப்பு சொல்ல வழியில்லை. விடுதிக்காரரும் இரண்டு பக்கெட்டோடு வரிசையில் கடைசியாக நின்றார். அக்கா போய் அவர் கையிலிருந்த பக்கெட்டை வாங்கி, முன்னால் கொண்டுவந்து நிரப்பிக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

விரிப்புகள் அன்று போய்ச் சேரவில்லை. மருத்துவமனை மேற்பார்வையாளர் அம்மாள் மறுநாள் அரைமணி நேரம் திட்டினார். அக்கா அத்தனையையும் நின்று கேட்டுக்கொண்டாள்.

ஒப்பந்தக்காரர் மேல் வழக்கு வந்தது. கம்பெனி, தண்ணீருக்கு ஒழுங்கான ஏற்பாடு செய்யும்வரை வேலையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நிறுத்திவைப்பது என்றால் விட்டுவிடுவது இல்லை. மேட்டில் இன்னும் வேலி இருக்கிறது, காவலுக்கு ஆள் இருக்கிறது, ஊரில் விவாதமும் இருக்கிறது. முடிவெட்டும் கடையில் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டார்கள். ஒருவருக்குப் பாதித் தலையோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்துபோகும்படி ஆகிவிட்டதாம். விளக்கத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகும்முன் கடைக்கு வந்து, அக்காவிடம் இரண்டு சட்டை இஸ்திரி போட்டு வாங்கிப் போனான். இரண்டும் கறுப்பு.

பழைய பம்ப் ஹவுஸ் மோட்டார், இரவு பகலாக ஓட்டியதில் புகைந்துபோயிருந்தது. அதைச் சரிசெய்யும்வரை தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் ஊற்ற நகராட்சி ஆள் தேடியது. டேங்கருக்கு அந்த வேலை கிடைத்தது. மற்ற ஓட்டுநர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் இப்போதும் இவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர், இவரோடு வருஷக்கணக்காக ஒன்றாக டீ குடித்தவர், துணிமூட்டையைக் கடை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே இவர் நிற்பது தெரிந்தும் அக்காவிடம் மட்டும் பேசிவிட்டுப் போனார். டேங்கர் அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மதியம் கடையில் கூட்டமில்லை. டேங்கர் விரிப்பின் ஒரு முனையையும் அக்கா மறுமுனையையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் டேங்கர். "அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது. வரிசையா வண்டி போகும். முன்னாடி ஒருத்தன் கையசைப்பான். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிப்பான். எங்கயோ அவசரமாப் போற மாதிரி இருக்கும்."

அக்கா தன் முனையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "தெரியும்," என்றாள். "பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வந்தீங்களே வீட்டுக்கு."

அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்கள்.

"எனக்கும் கோஷம் போடறது பிடிச்சிருந்தது," என்றாள் அக்கா. "இப்ப போராட்டம் இல்லாம தொண்டை என்னமோ மாதிரி இருக்கு."

டேங்கர் தன் முனையை இழுத்துப் பிடித்தார். "கடையை மூடிட்டு ஒரு கோஷம் போடேன். நான் ஹாரன் அடிக்கிறேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் விரிப்பு கீழே விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று.